சாமி கும்பிடாதவன் குடியிலிருந்து மீள வேலூர் பக்கம் என்ன வழி?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிகொண்டா பக்கம் ஊர், வயது 41, ஆம்பூர் ரோட்டில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலை. 19 வருஷம் குடித்தேன், அதில் கடைசி 6 வருஷம் ஒருநாள் விடாமல். இன்றைக்கு நிறுத்தி 46ஆம் நாள்.

எப்படி நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும். காலை ஷிப்டில் எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது, கை அப்படி ஆடும். பக்கத்து மெஷினில் இருக்கிற அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டி வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மூன்று மாதம் தினமும் இப்படி. ஒருநாள் அவர் லீவு. நான் ஊசியையும் நூலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன், பீஸ் குவிந்துகொண்டே போகிறது, சூப்பர்வைசர் வந்து நின்று பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அன்று மாலை கூட்ரோட்டில் இறங்கி நேராக வீட்டுக்குப் போனேன். யாரையும் கேட்காமல் நானாகவே நிறுத்தியதில் இரண்டாம் நாள் விடியற்காலை வலிப்பு வந்துவிட்டது, அப்புறம் 9 நாள் ஆஸ்பத்திரி.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரை கொடுத்து, வாராவாரம் ஒரு குழுவுக்கும் போகச் சொன்னார்கள். 12 படிகள் என்று ஒரு முறையைப் பின்பற்றுகிற குழு. ஐந்து வாரம் போயிருக்கிறேன். நல்ல மனிதர்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டால் இத்தனை வருஷமும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர்கள் மாதிரி இருக்கும். ஆனால் மூன்றாம் படியில் நம் மனத்தையும் வாழ்க்கையையும் கடவுளின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று வருகிறது. கூட்டம் முடியும்போது எல்லோரும் எழுந்து பிரார்த்தனை சொல்கிறார்கள், அங்கே நான் வாயை மட்டும் அசைக்கிறேன். 19 வருஷம் பொய் சொல்லிச் சொல்லித்தான் குடித்தேன். விடுவதையும் ஒரு பொய்யில் தொடங்க மனசு வரவில்லை.

என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் காலமானது நம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான், அன்று வாசலில் நின்ற கூட்டத்தில் அப்பாவும் ஒருவர், அப்போது அவருக்கு 21 வயது. கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார் என்று சின்ன வயதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் பிள்ளை நான் இப்படி ஆனேன். அப்பா போய் 8 வருஷம் ஆகிறது. கடவுள் இல்லை என்பது நான் யாரிடமும் வாதம் பண்ணுவதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிற கருத்து இல்லை, அது என் வீடு.

மாமியார் வீட்டில் கோயிலில் கயிறு கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதையும் பார்த்தாயிற்று. 2019இல் அவர்களுக்காக மாலை போட்டேன். ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டு தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே குடித்தேன். நான் இதுவரை குடிக்காமல் இருந்ததில் அதிகம் அந்த 48 நாள்தான். நாளை மறுநாள் அந்த எண் வருகிறது. அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி இதுதான். கடவுளைக் கொண்டுவராமல் குடியை விட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்? தமிழில், வேலூர் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது இருக்கிறதா? மன உறுதி வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் 19 வருஷம் போனது.

---

பதினோராம் வருஷம்:

தம்பி, ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 12 படிகளை உருவாக்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், சுருக்கமாக ஏஏவில், 11 வருஷமாக இருக்கிறேன், சாமியும் கும்பிடுகிறவன், அதனால் முதலில் என் பக்கம் எது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

ஏஏ 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்ததில் தொடங்கியது. ஒருவர் பங்குச் சந்தையில் இருந்தவர், இன்னொருவர் டாக்டர். 12 படிகளை எழுதிய காலத்திலேயே குழுவில் நம்பிக்கை இல்லாதவர்கள் இருந்தார்கள், அவர்கள் விடாப்பிடியாக நின்றதால்தான் கடவுள் என்ற சொல்லோடு "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்பதும் சேர்ந்தது. உறுப்பினராக ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம், அவ்வளவுதான். 1975இலேயே சிகாகோவில் நாத்திகர்களுக்கென்று தனியாக ஒரு ஏஏ குழு தொடங்கிவிட்டது. எங்கள் குழுவில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இருக்கிறார், "நம்மைவிட மேலான சக்தி" என்று வரும் இடத்தில் அவர் நினைப்பது அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற 14 பேரை. என்னைவிட 14 பேர் பெரிது என்பதில் எனக்கு என்னப்பா சந்தேகம் என்பார்.

நீங்கள் வாயை அசைக்க வேண்டாம். பிரார்த்தனை நேரத்தில் சும்மா நில்லுங்கள், இல்லையென்றால் வெளியே போய் டம்ளர்களைக் கழுவி வையுங்கள். என் கணக்கில் அதுவும் கூட்டத்தில் கலந்துகொள்வதுதான். வேறு வழி தேடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அது கைக்கு வரும்வரை இதை விட்டுவிடாதீர்கள். 46ஆம் நாளில் தனியாக இருப்பது ஆபத்து, இதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

---

கோட்டை அகழி:

அண்ணா, நான் காட்பாடி. வயது 34, குடியை விட்டு 3 வருஷம் 2 மாதம். கடவுள் இல்லாமல்தான் விட்டேன். ஆனால் ஆள் இல்லாமல் விடவில்லை. இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டு முதல் ஒன்றரை வருஷத்தை வீணாக்கினேன். பிரார்த்தனை பிடிக்கவில்லை என்று குழுவிலிருந்து வந்துவிட்டு, பகுத்தறிவு இருக்கிறவனுக்குக் குழு எதற்கு என்று தனியாக அறையில் உட்கார்ந்தேன். நான்கு முறை சறுக்கினேன். நான்கும் அந்தத் தனி அறையில்தான்.

நீங்கள் தேடுவதற்கு ஏற்கெனவே பெயரும் வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவில் 1975இல் பெண்களுக்கென்று விமன் ஃபார் சோப்ரைட்டி தொடங்கியது. 1985இல் ஜேம்ஸ் கிறிஸ்டோஃபர் என்பவர் எஸ்ஓஎஸ் என்ற மதச்சார்பற்ற குழுவைத் தொடங்கினார், அதிலிருந்து பிரிந்து வந்தது லைஃப்ரிங். 1994இல் ஸ்மார்ட் ரெக்கவரி வந்தது. நான் போனது இந்தக் கடைசிக் குழுவுக்கு, இணையம் வழியாக. படிகள் கிடையாது, பிரார்த்தனை கிடையாது, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதும் கிடையாது. வேலை நான்கு பங்கு: விட வேண்டும் என்ற எண்ணத்தைத் தேயாமல் வைத்துக்கொள்வது, தவிப்பு வரும்போது சமாளிப்பது, எண்ணத்தையும் கோபத்தையும் கையாள்வது, குடி இருந்த இடத்தில் வேறு வாழ்க்கையைக் கட்டுவது. அடிப்படை ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரின் முறை. ஒரு சம்பவம் நேராக நம்மைக் கடைக்கு அனுப்புவதில்லை, சம்பவத்தைப் பற்றி நாம் மனசுக்குள் சொல்லிக்கொள்கிற வாக்கியம்தான் அனுப்புகிறது என்பார் அவர். உங்கள் சூப்பர்வைசர் பேசாமல் போனார், அது சம்பவம். "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. அன்று உங்களுக்கு அது வீட்டுக்குப் போகும் பாதையைக் காட்டியது, இன்னொரு நாள் அதே வாக்கியம் கடைக்குக் கூட்டிப்போயிருக்கும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஒரு 40 பக்க நோட்டு. குடிக்க வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும்: என்ன கிழமை, எத்தனை மணி, எங்கே, கூட யார், பத்துக்கு எவ்வளவு, எப்போது இறங்கியது. என் நோட்டிலிருந்து ஒரு வரி அப்படியே தருகிறேன். "சனி, 6.50, சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில், தனியாக, பையில் சம்பளம், 9. எலுமிச்சை ஜூஸ் 2. நின்றேன். 7.15க்கு 4." 9 என்பது 25 நிமிஷத்தில் 4 ஆனதை என் கையெழுத்திலேயே பார்த்த அன்று கொஞ்சம் அழுதேன். தவிப்பு ஏறிக்கொண்டே போய் ஆளை விழுங்கிவிடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அலை மாதிரிதான், ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கிவிடும். ஆலன் மார்லட் என்பவர் இதை வைத்தே ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார், அலையோடு சண்டை போடாமல் அதன்மேல் நின்று போவது என்று. இரண்டு மாத நோட்டைப் புரட்டினால் பெரும்பாலான வரிகள் மாலை 6லிருந்து 8க்குள், அதிலும் பாதி மதியம் சரியாகச் சாப்பிடாத நாட்கள். அதற்குப் பிறகு தினமும் ஐந்தரைக்கு 4 இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கடைவீதிப் பக்கம் போவேன். கேட்பதற்கு அற்பமாக இருக்கும், எனக்கு அது பெரிய காவல்.

இன்னொன்று, ஒரு தாளை நான்காக மடித்து எழுதுவது. குடித்தால் என்ன லாபம், என்ன நஷ்டம், விட்டால் என்ன லாபம், என்ன நஷ்டம். குடித்தால் லாபம் என்ற கட்டத்தை எல்லோரும் வெறுமையாக விட்டுவிடுவார்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. நான் நேர்மையாக எழுதியதில் "குடித்தால்தான் அப்பாவிடம் பேச வாய் வருகிறது" என்று வந்தது. அப்போது அது அப்பாவிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய பிரச்சினை இல்லையா? ஏழு மாதம் ஆனது பேச, பேசினேன்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். நான் போன இணையக் கூட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அமெரிக்கக் கிழக்குப் பக்கம் மாலை 7 மணி என்றால் கோடையில் நமக்கு விடியற்காலை நாலரை, லண்டன் 7 மணி என்றால் நமக்கு இரவு பதினொன்றரை. ஆறு மாதம் அகராதியும் கையுமாகக் கண் எரிய உட்கார்ந்தேன். அப்புறம் இங்கேயே இரண்டு பேர் கிடைத்தார்கள், ஒருவர் வாலாஜாவில் நெசவு, இன்னொருவர் ஆட்டோ. இப்போது 6 பேர். புதன்தோறும் இரவு ஏழரைக்குக் காட்பாடியில் ஒரு டீக்கடை மாடியில் கூடுகிறோம், தமிழில்தான் பேசுவோம். பெயரெல்லாம் வைக்கவில்லை. நோட்டைக் கொண்டுவர வேண்டும், ஒருவர் பேசும்போது அடுத்தவர் அறிவுரை சொல்லக் கூடாது, இரண்டே சட்டம். வாருங்கள் அண்ணா.

---

இரவுப் பணி:

மனநலப் பிரிவில் 14 வருஷமாக நர்ஸ். முதலில் வலிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது இன்றிரவே தானாக நிறுத்தப் பார்ப்பார்கள்.

பல வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று சரக்கு இல்லாமல் போனால் கொந்தளிக்கும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், உங்களுக்கு வந்த மாதிரி. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குச் சித்தம் கலங்கும், சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், பெற்ற பிள்ளையை யார் என்று கேட்பார்கள். இது உயிரையே எடுக்கக்கூடியது. இதற்குக் கடவுளும் வேண்டாம், பகுத்தறிவும் வேண்டாம், கட்டில் வேண்டும், டாக்டர் வேண்டும், பி1 வைட்டமினான தயமின் ஊசி வேண்டும். குடிப்பவர்கள் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கேடு, நினைவு திரும்பாமலே போனவர்கள் உண்டு. தெருமுனையில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது சிகிச்சை இல்லை.

அடுத்தது மாத்திரை. மதச்சார்பற்ற வழி என்று கேட்டால் இதைவிடச் சார்பற்றது எது! நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கிற சுகத்தை மழுங்கடிக்கும், ஈரலைப் பரிசோதித்துவிட்டுத் தருவார்கள். அகாம்ப்ரோசேட் நிறுத்திய பிறகு வருகிற உள்தவிப்பைத் தணிக்கும், அதற்குச் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டைசல்ஃபிராம் வேறு ரகம். அதைப் போட்டிருக்கும்போது குடித்தால், சரக்கு உடம்பில் உடையும்போது உண்டாகிற அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் இறங்கும். நோயாளிக்கு முழுக்கத் தெரிந்து, சம்மதித்து, குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் தொடங்க வேண்டும். சாம்பாரில் யாருக்கும் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடி என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, தின்கிறவருக்கும் தெரியாது. எந்த அம்மாவும் அதைச் செய்துவிடாதீர்கள்.

வேலூரில் இருக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. பாகாயத்தில் இருக்கிற சிஎம்சி மனநல மையம் 1950களிலிருந்தே குடும்பத்தாரை நோயாளியோடு சேர்த்துத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இடம், இதற்காகவே பெயர் பெற்றது. காசு முடியாது என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் பேச 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். போதைக்கென்று 14446 தனியாக உண்டு.

பாலாற்றங்கரை சார், உங்களுக்கு ஒரு கேள்வி. 48ஆம் நாள் என்று பயப்படுகிறீர்கள், மாத்திரையை அதற்கு முன்பே குறைத்துவிடவில்லையே?

---

தீப்பெட்டி:

குடியாத்தம். என் வீட்டுக்காரர் விட்டு 4 வருஷம் ஆகிறது. தம்பி, நான் கயிறு கட்டின பொண்டாட்டி, அதனால் உங்கள் மாமியார் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன்.

கயிறு கட்டச் சொல்வது உங்களை மாற்றுவதற்கு மட்டும் இல்லை. எங்கள் கையில் வேறு எதுவுமே கிடையாது. அழுது பார்த்தாயிற்று, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியாயிற்று, அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாயிற்று. அப்புறம் ஒரு தனியார் மறுவாழ்வு மையம், பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் சொல்லி 40,000 ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டிச் சேர்த்தேன். ராத்திரி நான்கு பேர் வேனில் வந்து தூக்கத்தில் இருந்தவரைத் தூக்கிப்போனார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்க விட்டபோது அவர் முதுகில் தழும்பு. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குடித்தார், இந்தத் தடவை என்மேல் இருந்த கோபத்தில். அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு விடிந்தது அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சிலர் அம்மாவால். அவர் முதலில் என்னைத்தான் உட்காரவைத்துப் பேசினார். அந்த அம்மா சொன்னது இது: வீட்டுக்காரர் குடித்துவிட்டு வரும்போது சண்டையும் வேண்டாம், சோறு போட்டுப் பரிமாறுவதும் வேண்டாம், மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்தால் காலையில் அவரே கழுவட்டும். அவர் வேலைக்குப் போகாத நாளில் முதலாளியிடம் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். குடிக்காத மாலையில் மட்டும் அவருக்குப் பிடித்ததைச் செய்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அந்த நேரத்தில் டாக்டரிடம் போகலாமா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க அவர் வாசலைக் கழுவின அன்று ஏதோ மாறியது. ஏழாவது வாரம் அவரே "எந்த ஆஸ்பத்திரின்னு சொன்ன?" என்று கேட்டார்.

நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன், அவர் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். மனைவியிடம் "கயிறு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் "இதுக்குப் பதிலா நீ இதைச் செய்" என்று ஏதாவது ஒன்றைக் கையில் கொடுங்கள். சம்பள நாளில் ஏடிஎம் கார்டு அவரிடம் இருக்கட்டும்.

---

இரவுப் பணி:

தீப்பெட்டி அக்கா, அந்தக் கவுன்சிலர் சொல்லிக்கொடுத்ததற்குக் கிராஃப்ட் என்று பெயர், ராபர்ட் மேயர்ஸ் என்பவர் உருவாக்கிய குடும்பப் பயிற்சி. 1999இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்துக்கொண்டிருந்தவர்களில் 64 சதவீதம் பேரை இந்த வழியில் குடும்பத்தார் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் சேர்ந்து உட்காரவைத்து நெருக்குகிற முறையில் அது 30 சதவீதம்தான். நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே, டாக்டர்கள் இல்லை, அதிகபட்சம் 4 தடவை உட்கார்ந்து பேசியதில் பலன் தெரிந்ததாக 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அது இந்தத் தம்பி அளவுக்கு முற்றாதவர்களுக்கானது, ஆனாலும் கவனிக்க வேண்டியது.

அந்த வேன் விஷயம் பற்றி: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியால் வருகிற மனநலக் கோளாறும் சேர்த்தி. சங்கிலியால் கட்டிப்போடுவதும் அடிப்பதும் குற்றம். சேர்ப்பதற்கு முன் பதிவு பெற்ற மையமா என்று கேளுங்கள், உள்ளே போய்க் கட்டில்களையும் கழிப்பறையையும் பாருங்கள், உள்ளே விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

---

பதினோராம் வருஷம்:

கோட்டை அகழி தம்பிக்கு ஒன்று. "குடிநோயாளி" என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல் வேலியாக இருக்கிறது. அதை மறந்த அன்றைக்கு "இன்னாபா, ஒரு கட்டிங் தானே" என்று எவனாவது சொல்வான், நானும் ஆமாம் தானே என்பேன். அப்புறம் 2020இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது, முழுதாக நிறுத்தி வைப்பதில் 12 படி வழி மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாக. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

---

கோட்டை அகழி:

ஐயா, அதை மறுக்கவே மாட்டேன். 2018இல் ஒரு ஆய்வு, 12 படிக் குழுக்களையும் ஸ்மார்ட், லைஃப்ரிங், பெண்கள் குழு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எந்தக் குழு என்பதைவிட அதில் ஒருவர் எவ்வளவு ஈடுபட்டார், முழுதாக நிறுத்துவதுதான் இலக்கு என்று இருந்தாரா என்பதே கணக்கில் பெரிதாக நின்றது. உங்களுக்கு அந்தச் சொல் வேலி, எனக்கு அது "எப்படியும் நான் இப்படித்தானே" என்று குடிக்கிற சாக்காக இருந்தது. ஒரே சொல், இரண்டு உடம்பில் இரண்டு வேலை. அண்ணா தனக்கு எது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

---

பாலாற்றங்கரை:

மூன்று நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். இன்றைக்கு 49.

சிஸ்டர், நீங்கள் கேட்டது சரியாகத் தைத்தது. மாத்திரையை ஒரு வாரமாக ஒருவேளைதான் போட்டுக்கொண்டிருந்தேன், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று. அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டேன். இப்போது அட்டை அவரிடம், வேளைக்குக் கொடுக்கிறார், கார்டும் அவரிடம். தீப்பெட்டி அக்கா எழுதியதை அவரைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "நானும் கழுவிக்கிட்டேதான இருந்தேன்" என்றார்.

48ஆம் நாள் மாலை. பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் மீதிப் பக்கங்கள் இருந்தன, அதில் எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"வியாழன். 6.35, கூட்ரோடு. கம்பெனி பஸ்ஸில் இறங்கினதும். கூட 3 பேர், கடைக்குப் போறாங்க, வர்றியான்னாங்க. 10. பத்துக்கு மேல எழுத இடமில்ல. பதினோராம் வருஷம் ஐயா சொன்ன 14 பேரை நினைச்சேன். பூக்கடைப் பக்கத்தில் நின்னு 2 போண்டா. 6.50க்கு 8. மனைவிக்கு போன். 7.05க்கு 5. வீடு."

வீட்டில் அவர் வாசலில் நின்றிருந்தார், பிள்ளையும் நின்றிருந்தான். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை, கரண்ட் இல்லை, அதான் என்றார்கள். கரண்ட் இருந்தது.

நேற்று காலை ஷிப்டில் ஊசியை நானே கோத்தேன். இரண்டாவது தடவையில் போய்விட்டது. பக்கத்து மெஷின் அக்கா பார்த்தார், எப்போதும் போல ஒன்றும் பேசவில்லை, டீ நேரத்தில் தன் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் கூட்டத்துக்கும் போகிறேன் ஐயா, பிரார்த்தனை நேரத்தில் டம்ளர் கழுவுகிறேன். அகழி தம்பி, புதன்கிழமை எனக்குக் கம்பெனி பஸ் ஆறரைக்குத்தான் பள்ளிகொண்டா வரும், அதற்கப்புறம் வேலூர் பஸ் பிடித்துக் காட்பாடி வர எட்டாகிவிடும். தாமதமாக வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? மாடிக்கு வழி எந்தப் பக்கம்?

---

கோட்டை அகழி:

ஒன்பது வரை இருப்போம் அண்ணா. ஸ்டேஷன் வாசலில் இறங்கி நில்லுங்கள், ஆட்டோக்காரர் நம் ஆள்தான், வந்து கூட்டிப்போவார். அந்தக் கணக்கு நோட்டையே கொண்டுவாருங்கள், புதிது வாங்க வேண்டாம்.